ஒற்றைக் குரலும் இரண்டு கர்நாடகங்களும்: 'ஒடகலு பிம்ப' நாடகத்தில் நகர் – நாட்டுப்புற அரசியல்

கிரீஷ் கார்னாட் (1938–2019) எழுதிய 'ஒடகலு பிம்ப' என்னும் ஓராள் நாடகம் 2005ஆம் ஆண்டில் பெங்களூரு ஜே.பி. நகரிலுள்ள ரங்க சங்கரா அரங்கில் மேடையேற்றப்பட்டது. கன்னட வடிவில் அருந்ததி நாக் நடித்தார். ஆங்கில வடிவில் அருந்ததி ராஜா நடித்தார். கார்னாட்டும் கே.எம். சைதன்யாவும் இணைந்து இயக்கினர். இந்தியில் இது 'பிக்ரே பிம்ப்' என்னும் பெயரில் நிகழ்த்தப்பெற்றது. பாவண்ணனின் மொழியாக்கத்தில் 'சிதைந்த பிம்பம்' எனத் தமிழுக்கும் வந்துள்ளது. கன்னட 'ஒடெ' தமிழ் 'உடை' என்பதன் இனச்சொல்லாதலின் தலைப்பைத் தமிழர்க்கு விளக்க வேண்டிய தேவை மிகுதியாக இல்லை. ஆங்கிலத் தலைப்பு மட்டும் எலியட்டின் 'பாழ்நிலம்' என்னும் நெடுங்கவிதையிலிருந்து எடுக்கப்பட்டதாகும்.

இந்நாடகத்தை ஆராய்ந்தோர் பெரும்பாலும் இதனைக் கன்னட எழுத்தாளர்க்கும் இந்திய ஆங்கில எழுத்தாளர்க்கும் இடையிலான பூசலின் நாடக வடிவாகவே கண்டுள்ளனர். அல்லது இரு சகோதரிகளுக்கிடையிலான உளப்போராட்டமாகக் கண்டுள்ளனர். இரண்டும் பிழையல்ல. ஆயினும் இந்நாடகம் மேடையேறிய காலத்தையும் களத்தையும் உடன்வைத்து நோக்கினால், நகரம் தன் மாநிலத்தின் பிற பகுதிகளோடு கொண்டிருந்த உறவு குறித்த அரசியல் ஆவணமாகவும் இது அமைவதைக் காணலாம். அவ்வகையில் இதன் வலிமை எது, இது காணத் தவறியது எது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாடகத்தின் கதையமைப்பு எளிது. மஞ்சுளா நாயக் ஆங்கிலப் பேராசிரியை. கன்னடத்தில் சிறுகதைகள் எழுதி ஓரளவு அறியப்பட்டவர். அவர் பெயரில் வெளியான ஆங்கில நாவல் ஒன்று வெளிநாடுகளில் பெரும் விற்பனை கண்டு, புகழையும் பொருளையும் ஈட்டித் தருகிறது. அந்நாவலைத் தழுவிய தொலைக்காட்சிப் படம் ஒளிபரப்பாவதற்கு முன் அறிமுகவுரை நிகழ்த்த அவர் நிலையத்துக்கு வருகிறார். உரை முடிந்து எழும்போது, அங்குள்ள திரையில் அவருடைய பிம்பமே அவரை நோக்கிப் பேசத் தொடங்குகிறது. பிம்பம் கேட்கக் கேட்க உண்மை ஒவ்வோர் அடுக்காக வெளிப்படுகிறது. நாவலை எழுதியவர் மஞ்சுளா அல்லர். சக்கர நாற்காலியில் வாழ்ந்து மறைந்த தங்கை மாலினி. மாலினியின் கையெழுத்துப்படியை மஞ்சுளா தம் பெயரில் வெளியிட்டுவிட்டார். கணவர் பிரமோத் அதனை அறிந்தவர். அவரும் இப்போது உடனில்லை.

இக்கதையில் ஊர்களின் பங்கு கவனிக்கத்தக்கது. பெற்றோர் பெங்களூரின் கோரமங்கலாவில் நோயுற்ற இளைய மகளைப் பேணி வாழ, மூத்தவளாகிய மஞ்சுளா தார்வாட்டில் தாத்தா பாட்டியிடம் வளர்கிறார். பெற்றோரின் அன்பும் செல்வமும் கோரமங்கலாவில் குவிகின்றன. தார்வாட்டில் வளர்ந்தவருக்கு எஞ்சுவது கன்னடம். பெங்களூரில் வளர்ந்தவரின் மொழி ஆங்கிலம். ஒரே வீட்டின் இரு பெண்களுள் ஒருத்திக்குத் தலைநகரும் மற்றொருத்திக்கு வடக்கின் சிறுநகரும் ஒதுக்கப்பட்டுள்ளமை தற்செயலாக நிகழ்ந்திருக்க இயலாது. கார்னாட் தாமும் சிர்சியிலும் தார்வாட்டிலும் வளர்ந்து, சென்னையில் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகத்தில் பணியாற்றி, பின்னர் பெங்களூரில் நிலைத்தவர். தாய்மொழி கொங்கணி, நாடக மொழி கன்னடம், பிற்காலத்தில் தம் நாடகங்களை ஆங்கிலத்திலும் தாமே எழுதியவர். மஞ்சுளாவின் மீது அவர் தொடுக்கும் கேள்விகளுள் சில அவரை நோக்கியே திரும்புபவை எனலாம்.

2004ஆம் ஆண்டின் நிழல்

நாடகம் மேடையேறுவதற்கு முந்திய ஆண்டில் கர்நாடகத்தில் சட்டமன்றத் தேர்தலும் மக்களவைத் தேர்தலும் உடன் நிகழ்ந்தன. எஸ்.எம். கிருஷ்ணா தலைமையிலான காங்கிரசு அரசு தகவல் தொழில்நுட்பத்தையும் பெங்களூரின் வளர்ச்சியையும் தன் அடையாளமாக முன்வைத்திருந்தது. 1999இல் அமைக்கப்பட்ட பெங்களூரு செயல்திட்டப் பணிக்குழு அவ்வாட்சியின் மனப்போக்கைக் காட்டும் சான்று. அதே ஆண்டுகளில் மாநிலத்தின் பெரும்பகுதி தொடர் வறட்சியில் வாடியது. உழவர் தற்கொலைகள் அன்றாடச் செய்தியாயின. தேர்தல் முடிவில் 224 இடங்களுள் பாரதிய ஜனதா 79, காங்கிரசு 65, மதச்சார்பற்ற ஜனதா தளம் 58 எனப் பெற்றன. காங்கிரசும் ஜனதா தளமும் இணைந்து தரம் சிங் தலைமையில் அரசு அமைத்தன. அண்டை மாநிலமான ஆந்திரத்தில் சந்திரபாபு நாயுடுவும் அதே தேர்தலில் வீழ்ந்தமையால், கணினி நகரத்தைக் கிராமம் தண்டித்தது என்னும் விளக்கம் நாடெங்கும் பரவியது.

இவ்விளக்கத்தை அப்படியே ஏற்பதில் இடர் உண்டு. தோற்றதாகக் கூறப்பட்ட காங்கிரசு, முதலிடம் பெற்ற பாரதிய ஜனதாவைவிட மிகுதியான வாக்கு விழுக்காட்டைப் பெற்றிருந்தது. சாதிக் கூட்டணிகள், வட்டார வேறுபாடுகள், தொகுதிகளின் அமைப்பு ஆகியவையும் முடிவைத் தீர்மானித்தன. எனினும் விளக்கம் பிழையானாலும் அதன் செல்வாக்கு மெய்யானது. இரண்டு கர்நாடகங்கள் உள்ளன, ஒன்று மற்றொன்றைத் தின்று வளர்கிறது என்னும் எண்ணம் 2004க்குப் பின் பெங்களூரின் பொதுப்பேச்சில் நிலைபெற்றது. இவ்வெண்ணம் புதிதன்று. 1980இல் நவல்குந்து, நரகுந்து உழவர் கிளர்ச்சிகளும், அதன் பின் எழுந்த மாநில உழவர் சங்கமும், 1992இல் பெங்களூரிலிருந்த கார்கில் விதை நிறுவன அலுவலகத்தின் மீதான தாக்குதலும் இதற்கு முன்னோடிகள். உழவர்கள் தலைநகருக்குள் நுழைந்து தம் இருப்பை அறிவித்த அந்நிகழ்வுகளில் நகரம் என்பது அயல்நாட்டு மூலதனத்தின் வாயிலாகவே காணப்பட்டது.

வாக்கு வலிமை அப்போது நாட்டுப்புறத்திடமே மிகுந்திருந்தது என்பதும் மறக்கத்தக்கதன்று. 2008ஆம் ஆண்டுத் தேர்தலில் நடைமுறைக்கு வந்த தொகுதி மறுவரையறைக்குப் பின்னரே பெங்களூரு மாநகரப் பகுதிக்கு 28 சட்டமன்ற இடங்கள் கிடைத்தன. பணம் ஓரிடத்தும் வாக்கு வேறிடத்தும் குவிந்திருந்த ஒரு காலத்தில் இந்நாடகம் எழுந்தது.

அரங்கின் வரலாறும் இதனோடு பொருந்தியது. நடிகரும் இயக்குநருமான சங்கர் நாக் 1990 செப்டம்பர் 30 அன்று விபத்தில் மறைந்தார். அவர் கனவாக இருந்த அரங்கை அருந்ததி நாக்கும் நண்பர்களும் சங்கேத் அறக்கட்டளை வழியாக எழுப்பினர். 2004 அக்டோபரில் திறக்கப்பட்ட அவ்வரங்கு நாள்தோறும் நாடகம் என்பதைத் தன் கொள்கையாக்கியது. கன்னடம், ஆங்கிலம், இந்தி, தமிழ் எனப் பல மொழி நாடகங்களும் அதில் இடம்பெற்றன. ஆகவே 'ஒடகலு பிம்ப' கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் ஒரே மேடையில் நிகழ்ந்தபோது, நாடகம் பேசிய பிளவு பார்வையாளர் வரிசைகளிலும் அமர்ந்திருந்தது. தாய்மொழி மராத்தியாகிய ஒருவர் கன்னட மஞ்சுளாவாக நின்று கன்னடத்துக்கு இழைத்த துரோகம் குறித்து விசாரிக்கப்படுவது பெங்களூரில் மட்டுமே இயல்பாகத் தோன்றக்கூடிய காட்சி.

'நகரம்' என்று நாம் கூறுவதும் ஒன்றல்ல. 1809இல் தொடங்கிய ஆங்கிலேயப் படைவீடும் பழைய பேட்டையும் தனித்தனி ஊர்களாகவே வளர்ந்து, 1949இல்தான் ஒரே மாநகராட்சியின்கீழ் வந்தன. படைவீட்டுப் பகுதியின் பேச்சுமொழிகளில் தமிழ் முதன்மையானது. கன்னட நாட்டின் தலைநகரில் கன்னடம் பெரும்பான்மை மொழியாக இல்லை என்னும் உணர்வு 1982ஆம் ஆண்டுக் கோகாக் கிளர்ச்சியில் வெளிப்பட்டது. 1991 டிசம்பரில் காவிரியை முன்னிட்டுத் தமிழர் மீது வன்முறையாகவும் வெடித்தது. இந்நாடகத்தில் தமிழர் இல்லை. கார்னாட் பிளவைக் கன்னடம், ஆங்கிலம் என்னும் இரு முனைகளுக்குள் நிறுத்திக்கொண்டமையால் பேட்டையும் படைவீடும் நாடகத்துக்கு வெளியே நின்றுவிட்டன. பெங்களூரின் தமிழ்ச் சேரிகளை அறிந்தவர்க்கு இவ்விடுபாடு உறுத்தும்.

கூற்றும் கேட்போரும்

ஓராள் அரங்கு இந்திய மரபுக்குப் புதிதன்று. வடமொழி நாடக வகைகளுள் 'பாணம்' என்பது ஒரே நடிகரால் நிகழ்த்தப்படுவது. விடன் என்னும் நகரவாசி தெருக்களில் நடந்துகொண்டே கண்ணுக்குத் தெரியாதோரிடம் உரையாடுவான். அவர்கள் கூறுவதாகத் தான் கேட்பதைத் தானே திருப்பிச் சொல்வான். இவ்வுத்தியை 'ஆகாச பாஷிதம்' என்பர். 1922இல் மா. இராமகிருஷ்ண கவியும் இராமநாத சாஸ்திரியும் பதிப்பித்த 'சதுர்பாணி' தொகுப்பின் நான்கு பாணங்களும் நகர வாழ்வையே பாடுபொருளாகக் கொண்டவை. ஒற்றை நடிகர் என்னும் வடிவம் தொடக்கத்திலேயே நகரத்தோடு பிணைந்திருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை. பல முகங்களைக் கடந்து தனியே நடக்கும் மனிதன் நகரத்தில்தானே உண்டாகிறான்!

கார்னாட் இவ்வுத்தியைத் தலைகீழாக்குகிறார். பாணத்தில் காணாத குரலை நடிகர் படைக்கிறார். அதன் வேகமும் இடைவெளியும் அவர் கையில் உள்ளன. 'ஒடகலு பிம்ப'வில் எதிர்க்குரல் முன்னரே பதிவு செய்யப்பட்ட ஒளிப்பேழை. அது நடிகைக்காகக் காத்திராது. மேடையில் நிற்கும் உயிருள்ள பெண்தான் பதிவின் இடைவெளிகளுக்குள் தன் விடையைப் பொருத்த வேண்டும். ஒரு சொல் தாழ்ந்தால் பிம்பம் அடுத்த வினாவுக்குச் சென்றுவிடும். இது வெறும் தொழில்நுட்ப இடர்ப்பாடன்று. பிம்பத்தின் அதிகாரம் பார்வையாளர் கண்முன் நிகழும் முறை இதுவே.

தொல்காப்பியர் செய்யுளியலில் கூற்று, கேட்போர் என்னும் இரண்டையும் தனித்தனி உறுப்புகளாக வைத்தார். ஒருவர் பேசும் பாடலிலும் கேட்பவர் யார் என்பது பொருளைத் தீர்மானிக்கிறது. தோழியிடம் தலைவி கூறுவது, தலைவன் சிறைப்புறமாக நின்று கேட்பதால் வேறு பொருள் பெறுவதை அகப்பாடல்களில் காண்கிறோம். இந்நோக்கில் மஞ்சுளாவின் கூற்றுக்கு மூவகைக் கேட்போர் உளர். முதலில் ஒளிபரப்பைக் காணும் கன்னட மக்கள். அடுத்துத் திரையிலுள்ள பிம்பம். மூன்றாவதாகச் சிறைப்புறமாக நிற்கும் அரங்கப் பார்வையாளராகிய நாம். முதல் வகையினரிடம் மஞ்சுளா தம் கன்னடப் பற்றை எடுத்துரைக்கிறார். ஆங்கிலத்தில் எழுதியதற்கு நயமாக விளக்கம் தருகிறார். அவர்கள் தார்வாட்டிலும், குல்பர்காவிலும், மண்டியாவின் சிற்றூர்களிலும் உள்ளவர்கள். 1994இல் சென்னையின் சன் குழுமம் உதயா தொலைக்காட்சியைத் தொடங்கிய பின் பத்தாண்டுகளில் கன்னடத் தனியார் ஒளிபரப்பு நகரையும் சிற்றூரையும் ஒரே நேரத்தில் சென்றடையும் ஊடகமாகிவிட்டது. அவர்களுக்கு உரைக்கப்பட்டது பொய். உண்மை, ஒளிபரப்பு முடிந்தபின் நுழைவுச்சீட்டு பெற்று வந்த நகரப் பார்வையாளர்க்கு மட்டும் கிடைக்கிறது. நாட்டுப்புறத்தார் கேட்டது பொதுவுரை, நகரத்தார் கேட்டது வாக்குமூலம் என்னும் இவ்வேறுபாடு நாடகத்தின் அரசியல் உட்பொருளை வேறெந்த வசனத்தையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது.

கிந்தனாரின் இரயில்

ஒப்பீட்டுக்குத் தமிழிலிருந்து ஒரு சான்று தேவைப்படுகிறது. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் 'கிந்தனார்' கதாகாலட்சேபம் அதற்கு மிகவும் ஏற்றது. உடுமலை நாராயணகவி யாத்த இது, அண்ணாவின் கதையில் கிருஷ்ணன் – பஞ்சு இயக்கிய 'நல்லதம்பி' (1949) திரைப்படம் வழியாகத் தமிழகமெங்கும் பரவியது. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை அடியொற்றி, அதன் நோக்கத்தை மாற்றியமைத்தது இப்படைப்பு. நந்தனாருக்குத் தில்லை எதுவோ அது கிந்தனுக்கு நகரத்துப் பள்ளிக்கூடம். ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த சிறுவன் படிப்பை நாடிப் புகைவண்டியேறி நகரம் செல்கிறான். கற்று, கல்வித்துறை அதிகாரியாகி மீள்கிறான்.

கதாகாலட்சேபமும் அடிப்படையில் ஓராள் அரங்கே. பின்பாட்டும் இசைக்கருவிகளும் உண்டாயினும், எல்லாப் பாத்திரங்களையும் ஒரே பாகவதர் தம் உடலிலும் குரலிலும் ஏற்கிறார். பண்ணையாரும் பறையரும் ஒரு வாயிலிருந்து பேசுகின்றனர். தஞ்சை கிருஷ்ண பாகவதர் மராட்டியக் கீர்த்தன மரபைத் தமிழுக்கேற்ப அமைத்த காலம் முதல் இவ்வடிவம் கோயில், சபா, திருமண வீடு ஆகியவற்றில் உயர்குலத்தார் கையில் வளர்ந்தது. கலைவாணர் அதே கோலத்தில் நின்றுகொண்டு அதன் பொருளை மாற்றிவிட்டார். வடிவத்தைக் கேலி செய்யாமல் வடிவத்தாலேயே கேலி செய்தது அவர் திறம்.

'நல்லதம்பி' வெளிவருவதற்குச் சில மாதங்கள் முன்னர், 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தைக் குறுகிய மனப்பான்மையும் அறியாமையும் நிறைந்த இடம் எனக் கடிந்து பேசினார். அரசியலமைப்பின் அலகாகக் கிராமத்தை ஏற்காமல் தனிமனிதனை ஏற்றதைப் போற்றினார். கிராமத்தை நாட்டின் உயிராகக் கண்ட காந்தியச் சிந்தனைக்கு அது நேர்மறுப்பு. கிந்தனார் ஏறிய புகைவண்டி இவ்விவாதத்தில் எப்பக்கம் நின்றது என்பதைக் கூறத் தேவையில்லை. அங்கே நகரம் விடுதலையின் வழி. கிராமம், விட்டு வெளியேற வேண்டிய இடம். ஆனால் அதிகாரத்தோடு மீள வேண்டிய இடமும் அதுவே.

இவ்விரு படைப்புகளுக்கும் இடைப்பட்ட அரை நூற்றாண்டில் ஒற்றைக் குரலின் திசை மாறிவிட்டது. கிந்தனாரில் ஒரு குரல் பலராக விரிகிறது. மஞ்சுளாவிடம் ஒருவரே இருவராகப் பிளக்கிறார். முன்னதில் நகரம் செல்வது உரிமை. பின்னதில் நகரத்தின் மொழிக்குச் செல்வது திருட்டாகிறது. காலத்தின் வேறுபாடு என்று மட்டும் இதனை விளக்கிவிடலாகாது. யாருடைய நாட்டுப்புறம், யாருடைய நகரம் என்னும் வினா இங்கு எழுகிறது.

'ஒடகலு பிம்ப'வில் தலைநகருக்கு எதிர்முனை தார்வாடு. அது பேந்திரேயின் ஊர். பல்கலைக்கழகமும் இந்துஸ்தானி இசையும் செழித்த பண்பாட்டு நகரம். அங்குள்ள நடுத்தர வர்க்கக் கன்னடத்தின் மனக்குறையைக் கார்னாட் நுட்பமாக அறிந்து எழுதினார். ஆனால் ஆங்கிலத்தைத் துரோகம் என்று எண்ணும் உரிமை ஏற்கெனவே எழுத்தைத் தம் உடைமையாகக் கொண்டோர்க்கே வாய்க்கும். சித்தலிங்கையாவின் தன்வரலாறு (தமிழில் 'ஊரும் சேரியும்') மாகடி வட்டத்துச் சிற்றூரிலிருந்து பெங்களூரு ஸ்ரீராமபுரத்துக்குப் பெயர்ந்த தலித் குடும்பத்தின் கதை. அங்கே ஊர் ஏக்கத்துக்குரிய பொருளன்று. கன்னடப் பயிற்றுமொழி குறித்த 1994ஆம் ஆண்டு அரசாணை 2008இல் உயர்நீதிமன்றத்தால் நீக்கப்பட்டு, 2014இல் உச்சநீதிமன்றத்திலும் தோற்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் தலித் சிந்தனையாளர் பலர் ஆங்கிலக் கல்வியைத் தம் மக்களுக்கும் கேட்டனர். அவர்களிடம் மஞ்சுளாவின் குற்றவுணர்ச்சியைக் காண இயலாது. தமிழ்த் துறைகளில் பணியாற்றும் நாமும் மேடையில் தாய்மொழிக் கல்வியைப் போற்றிவிட்டு நம் பிள்ளைகளை எங்கே அனுப்புகிறோம் என்பதை எண்ணிப்பார்த்தால் மஞ்சுளாவை எள்ளி நகைப்பது கடினம்.

இன்னொரு விடுபாடும் உண்டு. நாட்டுப்புறம் என்றால் பேச்சற்றது, அதன் சார்பில் நகரம் பேசும் என்னும் கருத்தைக் கர்நாடக அரங்க வரலாறே மறுக்கிறது. சிவமொக்க மாவட்டத்தின் ஹெக்கோடு என்னும் சிற்றூரில் 1949இல் தொடங்கிய நீநாசம், கே.வி. சுப்பண்ணாவின் முயற்சியால் 1980இல் நாடகப் பயிற்சி நிறுவனத்தையும், 1985இல் 'திருகாட்ட' என்னும் பயணக் குழுவையும் உருவாக்கியது. பாக்குத் தோட்டங்களுக்கு நடுவிலிருந்து புறப்பட்ட குழு நகரங்களுக்கு நாடகம் கொண்டு சென்றது. 1975இல் பெங்களூரில் தோன்றிய சமுதாயா இயக்கம் எதிர்த்திசையில் சிற்றூர்களை நோக்கித் தெருநாடகப் பயணம் மேற்கொண்டது. ஹெக்கோட்டின் பயணத்துக்கும் சமுதாயாவின் பயணத்துக்கும் ஒரு பொது இயல்பு உண்டு. இரண்டும் குழுவாகச் சென்றவை.

நாடகத்தின் இறுதியில் பிம்பம் தன்னையே மாலினி என அறிவிக்கிறது. திரைகள் பெருகிப் பல குரல்கள் ஒன்றோடொன்று மோதி ஒலிக்கின்றன. எனினும் மாலினி தம் குரலில் ஒரு சொல்லும் பேசவில்லை. அவரைப் பற்றி நாம் அறிவதெல்லாம் அவரது நூலைக் கவர்ந்தவர் வாய்வழி வந்தவையே. நாடகத்தில் ஆங்கிலத்தின் பிரதிநிதியாக வைக்கப்பட்டவரே உடைமையிழந்தவராகவும் இருப்பதால், எளிய நகர் – நாட்டுப்புற எதிர்நிலை இங்கே குலைந்துவிடுகிறது. கோரமங்கலாவின் வசதி அவரைக் காக்கவில்லை. தார்வாட்டின் வறட்சி மஞ்சுளாவைத் தூயவராக்கவும் இல்லை. ஓராள் வடிவத்தின் எல்லையைக் கார்னாட் உணர்ந்தே கையாண்டார் என்பதற்கு இதுவே தக்க சான்று.

பின்னர் அவர் பெங்களூரைப் பற்றி மீண்டும் எழுதியபோது அவ்வடிவத்தைக் கைவிட்டார். ஆங்கிலத்தில் 2014இல் நூலாக வெளிவந்த 'பாயில்ட் பீன்ஸ் ஆன் டோஸ்ட்', அதற்கு முன்பே மோகித் டாகல்கர் இயக்கத்தில் மராத்தியில் மேடை கண்டது. வேட்டையில் வழிதவறிய மன்னனுக்கு மூதாட்டி ஒருத்தி வெந்த பயறு அளித்தமையால் 'பெந்தகாளூரு' எனப் பெயர் வந்ததென்னும் கதையைத் தலைப்பு நினைவூட்டுகிறது. ஏறத்தாழ கி.பி. 890ஐச் சார்ந்த பேகூர்க் கல்வெட்டிலேயே 'பெங்களூரு' என்னும் பெயர் காணப்படுவதால், ஹொய்சள மன்னரோடு தொடர்புறும் அக்கதையை வரலாறாகக் கொள்ள இயலாது. ஆயினும் மன்னனுக்கு உணவளித்த பெயரறியாத கிழவியைக் கார்னாட் மறக்கவில்லை. இந்நாடகத்தில் பணக்கார இல்லத் தலைவியரோடு சமையற்காரியும் வீட்டு வேலைக்காரியும் வேலை தேடி வந்த சிறுநகர இளைஞனும் மேடைக்கு வருகின்றனர். ஒவ்வொருவரும் தத்தம் வாயால் பேசுகின்றனர்.